ஓதம் இறங்கும்வரை மழைநீரை எங்கே நிறுத்துவது? ஹோபோகன் நகர நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், மன்ஹாட்டனுக்கு நேரெதிரே இருக்கும் சிறிய நகரம் ஹோபோகன். பரப்பு ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மைல். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 60,000. கடல் புகுந்து ஊரின் பெரும்பகுதியை மூழ்கடித்த 2012 அக்டோபர் முதல், பெருமழை பெய்தும் சில மணி நேரத்தில் தெருக்கள் வடிந்த 2023 செப்டம்பர் வரை அங்கே நடந்ததை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. முடிவெடுத்த அதிகாரிகள், பொறியாளர்கள், எதிர்த்த குடியிருப்பாளர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி: ஊர் இருக்கும் நிலம்

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் ஹோபோகன் ஒரு தீவு. கிழக்கே ஹட்சன், மேற்கே உப்புநீர்ச் சதுப்பு. சதுப்பைத் தூர்த்துத்தான் பின்னாளில் ரயில் பாதைகளும் ஆலைகளும் வீடுகளும் வந்தன. கிழக்கே காசில் பாயின்ட் எனப்படும் பாறைமேடு இன்றும் உயர்ந்தே நிற்கிறது. பழைய சதுப்பு இருந்த மேற்குப் பகுதி தாழ்வானது. அதற்கும் மேற்கே பாலிசேட்ஸ் குன்று செங்குத்தாக எழுகிறது. குன்றிலிருந்து இறங்கும் மழைநீரும் கிழக்கு மேட்டிலிருந்து வழிவதும் நடுவிலிருக்கும் இந்தத் தாழ்நிலத்தில்தான் சேரும். ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதியைப் போன்ற நிலம் அது.

ஊரின் பாதாள சாக்கடை 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கழிவுநீருக்கும் மழைநீருக்கும் ஒரே குழாய். வெயில் நாட்களில் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். மழை வலுத்தால் நிலையம் தாங்காது; மிஞ்சுவது வெளியேற்றுக் குழாய்கள் வழியாக ஹட்சனில் விழும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஹட்சன் இந்த இடத்தில் கழிமுகம். நாளுக்கு இரண்டு முறை ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சராசரியாக நாலரை அடி வித்தியாசம். ஆற்று நீர் குழாய்க்குள் திரும்பி வராமலிருக்க ஒவ்வொரு வெளியேற்று முனையிலும் ஒருவழிக் கதவு உண்டு. உள்ளே இருக்கும் நீரின் மட்டம் வெளியே இருப்பதைவிட உயர்ந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் மழை பிடித்தால் கதவு மூடியே கிடக்கும். மழைநீர் முதலில் குழாயை நிரப்பும். பிறகு மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வரும். தெருவுக்கு வருமுன்பே, சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடுகளின் தரைத்துளைகள் வழியாகவும் கழிப்பறை வழியாகவும் கழிவோடு கலந்து ஏறிவிடும். மேற்கு ஹோபோகன் மக்களுக்கு இது புயல்காலத்துச் செய்தியன்று. சாதாரண கோடைமழையே ஓத நேரத்தோடு சேர்ந்துவிட்டால் போதும்.

ஆகவே 2011-இல், நகரின் தெற்கு விளிம்பிலுள்ள அப்சர்வர் ஹைவே அருகே, மழைக்கால பம்பிங் நிலையம் ஒன்றை அமைத்தார்கள். திறன் நாளொன்றுக்கு 5 கோடி கேலன், அதாவது மணிக்குச் சுமார் 79 லட்சம் லிட்டர். ஓதம் உயர்ந்திருந்தாலும் நீரை ஆற்றுக்குள் தள்ளிவிடும். தென்மேற்குத் தெருக்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அது மழைக்காகக் கட்டியது. அடுத்த ஆண்டு வந்தது மழையன்று.

2012 அக்டோபர் 29: கண்டவை

சாண்டி புயல் கரையேறிய இரவில், மன்ஹாட்டன் தென்முனையிலுள்ள பேட்டரி அளவுகோலில் நீர்மட்டம் தாழ் ஓத மட்டத்துக்கு மேல் சுமார் 14 அடி உயர்ந்தது. ஹோபோகனின் கரை முழுவதையும் தாண்டித் தண்ணீர் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் மேடு தடுத்தது. வடக்கே வீஹாக்கன் கோவ் என்னும் சிறு குடா வழியாகவும், தெற்கே ரயில் முனையத்தை ஒட்டிய லாங் ஸ்லிப் கால்வாய்ப் பக்கமாகவும் புகுந்து, பழைய சதுப்பு நிலத்தைத் தேடிப்பிடித்து நிரப்பியது. 50 கோடி கேலன் ஆற்றுநீர் உள்ளே வந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள்.

துணைமின் நிலையங்களில் தண்ணீர் ஏறியதால் ஊர் இருண்டது. நியூயார்க்கோடு இணைக்கும் பாத் ரயிலின் ஹோபோகன் நிலையம் மூழ்கி, டிசம்பர் 19-ஆம் தேதிதான் மீண்டும் ரயில் ஓடியது. வீடுகளில் சிக்கியவர்களை மீட்கத் தேசியக் காவல்படையின் உயரமான லாரிகள் வந்தன. தேங்கி நின்றது வெறும் ஆற்றுநீர் அன்று. சாக்கடையும் எண்ணெயும் கலந்தது.

அந்த 50 கோடி கேலனை ஒரு கணக்கில் வைத்துப் பார்த்தால் பின்னர் எடுத்த முடிவுகள் விளங்கும். நகரம் முழுவதும் ஓர் அங்குல மழை பெய்தால் விழுவது சுமார் 8 கோடி லிட்டர். கடலிலிருந்து வந்ததோ 189 கோடி லிட்டர். அதாவது ஊர் முழுக்க 23 அங்குல மழை ஒரே இரவில் கொட்டியதற்குச் சமம். இந்த வட்டாரத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி. 2011-இல் கட்டிய பம்ப் முழுத்திறனில் நிற்காமல் ஓடினாலும் அதை வெளியேற்றப் பத்து நாள் ஆகும். கடல்வெள்ளத்தைப் பம்ப் வைத்து வெல்ல முடியாது. அது உள்ளே வராமல் தடுப்பது ஒன்றே வழி. ஆனால் தடுப்புச்சுவர் எழுப்பிவிட்டு மழைக்கு வழி செய்யாவிட்டால், சுவரே மழைநீரை ஊருக்குள் நிறுத்திவைக்கும். இரண்டும் தனித்தனி வெள்ளங்கள், தனித்தனி வைத்தியம், ஆனால் ஒரே திட்டத்தில் வர வேண்டும். ஹோபோகன் சரியாகப் பிடித்த புள்ளி இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

2013–2014: நான்கு வேலைகள்

சாண்டிக்குப் பின் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை நடத்திய ‘ரீபில்ட் பை டிசைன்’ போட்டியில் ஹோபோகனுக்கான திட்டம் தேர்வாகி, 2014 ஜூனில் 23 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. திட்டம் வேலையை நான்காகப் பிரித்தது: கடலைத் தடு, மழைநீரைத் தாமதப்படுத்து, தேக்கிவை, வெளியேற்று. செயல்படுத்தும் பொறுப்பு மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் போனது. ஒதுக்கிய பணம் முதன்மையாகக் கடல்தடுப்புக்கே போதும் என்று ஆனதால், மற்ற மூன்றுக்கும் நகரமும் கழிவுநீர் ஆணையமும் வேறு வழிகளில் நிதி தேட வேண்டியிருந்தது.

2015–2017: சுவர் எங்கே போகும்

முதலில் முன்வைத்த கருத்துருக்களில் ஆற்றங்கரை நெடுகத் தடுப்பு ஓடியது. குடியிருப்பாளர்கள் கொதித்தார்கள். ஹட்சனுக்கு அப்பால் மன்ஹாட்டன் தெரிய வீடு வாங்கியவர்களின் கவலை மட்டும் அன்று அது. கரையோர நடைபாதை பல ஆண்டு முயற்சியில் பொதுமக்களுக்குக் கிடைத்த இடம். அதைச் சுவர் பறித்துவிடும் என்ற அச்சம் நியாயமானது.

வரைபடத்தைத் திரும்ப விரித்தபோது கைகொடுத்தது சாண்டி காட்டிய தடம். தண்ணீர் வந்தது வடக்கிலும் தெற்கிலும் உள்ள இரண்டு தாழ்வாய்களில். நடுவில் மேடு தானே சுவராக நிற்கிறது. எனவே மூன்று மாற்றுகளை ஒப்பிட்டு, 2016-இல் மூன்றாவதைத் தேர்ந்தார்கள். வடக்கே தடுப்பு கரையை விட்டு உள்வாங்கி, வாஷிங்டன் தெருவுக்கும் கார்டன் தெருவுக்கும் இடைப்பட்ட சந்து வழியாக மேட்டோடு போய்ச் சேரும். தெற்கே ரயில் முற்றத்தைச் சுற்றித் தனித் தடுப்பு. தெரு குறுக்கிடும் இடங்களில் புயலுக்கு முன் மூடும் கதவுகள். வடக்குக் குடாவில் தடுப்பைப் பூங்காவின் மேடைகளாகவும் படிகளாகவும் மாற்றிவிடும் வடிவமைப்பு.

இதற்கு விலை உண்டு. வெள்ளச் சமவெளியில் வசிப்போரில் சுமார் 85 விழுக்காட்டினருக்கே இந்தத் தடம் பாதுகாப்புத் தரும். கரையை ஒட்டிய சில கட்டடங்கள் தடுப்புக்கு வெளியே நிற்கும். அவை தங்கள் தரைத்தளத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். கரையோரச் சுவர் இதைவிடக் கூடுதலானவர்களைக் காத்திருக்கும். ஆனால் மக்கள் ஏற்காத சுவர் வழக்குகளில் சிக்கி நின்றிருக்கும் சாத்தியம் பெரிது. கிடைக்கக்கூடிய 85-ஐ எடுத்துக்கொண்டது சரியான முடிவு. வெளியே விடப்பட்டவர்களுக்கு என்ன உதவி என்பதையும் அதே நாளில் சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

2016–2023: பூங்காவுக்கு அடியில் தொட்டி

மழைநீரைத் தேக்க இடம் வேண்டும். ஒன்றேகால் சதுர மைலில் நெருக்கியடித்த ஊரில் காலி இடம் என்பது பழைய ஆலை நிலமும் பார்க்கிங் இடமும்தான். அவற்றுக்கும் கட்டுமான நிறுவனங்கள் காத்திருந்தன. நகராட்சி முந்திக்கொண்டது. 2016-இல் வடமேற்கே, பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் பழைய ரசாயன ஆலை இருந்த சுமார் 6 ஏக்கரை 3 கோடி டாலருக்கு வாங்கியது. மாநிலத்தின் கட்டமைப்புக் கடன் நிதியிலிருந்து வந்த பணம் அது. திட்டத்தின் மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட முடிந்திருக்கும். இதை மட்டும் தள்ளிப்போட்டிருந்தால் அங்கே அடுக்குமாடி எழுந்திருக்கும்.

அதற்கிடையே சிறியவை முதலில் திறந்தன. 2017-இல் தென்மேற்கில், பார்க்கிங் இடமாக இருந்த ஓர் ஏக்கரில் ஒரு பூங்கா. கொள்ளளவு சுமார் 2 லட்சம் கேலன். 2019-இல் செவன்த், ஜாக்சன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இன்னொன்று, சுமார் 4.5 லட்சம் கேலன். 2023 ஜூனில் பழைய ஆலை நிலத்தில் ‘ரெசிலியன்சிட்டி’ பூங்கா திறந்தது. 5 ஏக்கருக்கு மேல் பரப்பு, 20 லட்சம் கேலன் வரை கொள்ளளவு. மேலே விளையாட்டுத் திடலும் சிறுவர் விளையாட்டிடமும். ஒரு பகுதி நீரைத் திறந்தவெளியும் மற்றொரு பகுதியைத் தரைக்கடியிலுள்ள தொட்டியும் வாங்கிக்கொள்ளும்.

20 லட்சம் கேலன் என்பது சுமார் 76 லட்சம் லிட்டர். ஊர் முழுவதும் ஓர் அங்குலம் பெய்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனில் என்ன பயன்? இந்தத் தொட்டி ஊர் மழையைச் சேமிக்க வந்ததன்று. மழையின் உச்சம் பெரும்பாலும் அரைமணி, ஒருமணி நேரம்தான். அந்த உச்சத்தில் குழாய்க்குள் நுழையவேண்டிய நீரைத் தன் சுற்றுவட்டத் தெருக்களிலிருந்து தொட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய் நிரம்பாமலிருந்தால் பம்ப் தன் போக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஓதம் இறங்கியதும் கதவு தானே திறக்கும். அதன்பின் தொட்டியைக் காலி செய்யலாம். ஓர் ஓதத்திலிருந்து அடுத்த ஓதத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம். தொட்டியின் அளவைக் கேலனில் சொல்வது வழக்கம் என்றாலும், எத்தனை மணி நேரத்தை அது வாங்கித் தருகிறது என்பதே வடிவமைப்பில் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த மழைக்குள் அது காலியாகியிருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். முந்தைய நாள் மழையோடு நிரம்பி நிற்கும் தொட்டியால் ஒரு பயனும் இல்லை.

ஆலை நிலம் என்பதால் இன்னொரு கட்டுப்பாடு. மாசுபட்ட மண்ணுக்குள் மழைநீரை இறங்கவிட்டால் மாசு நிலத்தடி நீருக்குப் போகும். மேற்கு ஹோபோகனில் நிலத்தடி நீர்மட்டமே மிக மேலே இருக்கிறது. எனவே நீரை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்பி வடிவமைக்க முடியாது. மூடிய தொட்டியில் பிடித்து, வெளியேற்றத்தான் வேண்டும்.

தெருமுனையில் நடப்பது

பூங்காக்கள் கண்ணில் படும். தெருமுனை மழைத்தோட்டங்கள் அவ்வளவாகப் படுவதில்லை. வாஷிங்டன் தெருவைப் புதுப்பித்தபோது நடைபாதை மூலைகளைச் சாலைக்குள் நீட்டி, அந்த இடத்தில் மழைத்தோட்டம் அமைத்தார்கள். மூலையை ஒட்டிக் கார் நிறுத்த முடியாமல் போவதால், சாலையைக் கடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிறது. 2017 முதல் 2023 முடிய ஹோபோகனில் சாலை விபத்து மரணமே இல்லை என்பதற்கு நகரம் சொல்லும் காரணங்களில் இந்த மூலைப் பார்வைத் தெளிவும் ஒன்று. வெள்ளத் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் ஒரே கான்கிரீட் வேலை, ஒரே ஒப்பந்தம்.

ஒரு மழைத்தோட்டத்தின் வெட்டுத்தோற்றம் பொதுவாக இப்படி இருக்கும். மேலே நீர் நிற்க ஆறங்குலப் பள்ளம். அதன்கீழ் ஒன்றரை முதல் இரண்டடி வரை மணல் மிகுந்த மண். அதற்கும் கீழே ஓரடி ஜல்லி. ஜல்லிக்குள் துளையிட்ட குழாய். நடைபாதை விளிம்புக் கல்லில் ஒன்றரை அடி அகல வாய் வெட்டினால் சாலைநீர் உள்ளே வரும். கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த வாயில்தான். இலையுதிர் காலத்தில் நான்கு இலைகளும் ஒரு காகிதக் கோப்பையும் சேர்ந்தால் வாய் அடைபடும். தண்ணீர் தோட்டத்தைத் தாண்டி நேரே சாக்கடைக்குப் போகும், தோட்டம் காய்ந்து கிடக்கும். வாய்க்கு உட்புறம் கைப்பிடியுள்ள சிறு வண்டல் தட்டு வைத்து, மழைக்கு முன் ஒருவர் அதைக் கொட்டிவிட்டுப் போனால் போதும். அடுத்த கோளாறு, கட்டும்போது பொக்லைனை மண்ணின் மேலேயே ஓட்டிவிடுவது. இறுகிய மண் நீரை விடாது. பிறகு தோண்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. மூன்றாவது குளிர்நாட்டுக்கு உரியது: பனி உருகச் சாலையில் தூவும் உப்பு. உப்பு தாங்கும் புல்வகைகளை நடாவிட்டால் வசந்தத்தில் வெறும் மண்தான் மிஞ்சும்.

2021, 2023: இரண்டு சோதனைகள்

2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் எச்சம் இந்த வட்டாரத்தில் கொட்டியது. ஆற்றுக்கு அப்பால் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மி.மீ. பதிவானது. ஹோபோகனும் வெள்ளக்காடானது. பெரிய பூங்கா அப்போது கட்டுமானத்தில் இருந்தது. அது இருந்திருந்தாலும் அந்த வேகத்தை முழுக்கத் தாங்கியிருக்காது என்றே கணக்குச் சொல்கிறது.

2023 செப்டம்பர் 29 அன்று வந்தது நிதானமாகப் பார்க்கத்தக்க சோதனை. மொத்தம் சுமார் 3.5 அங்குலம், அதாவது 89 மி.மீ. உச்ச ஒரு மணியில் 1.44 அங்குலம், அதாவது 37 மி.மீ. ஓத ஏற்றத்தோடு சேர்ந்தே வந்தது. உச்ச நேரத்தில் தெருக்களில் தண்ணீர் ஏறத்தான் செய்தது. ஆனால் சில மணி நேரத்தில், நகரின் 277 சாலைச் சந்திப்புகளில் மூன்றில் மட்டுமே சில அங்குலத் தண்ணீர் எஞ்சியதாக நகரம் அறிவித்தது. அதே நாளில் நியூயார்க்கில் சுரங்க ரயில்கள் நின்றன, புரூக்ளின் தெருக்கள் மூழ்கின.

இந்த ஒப்பீட்டை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். புரூக்ளினின் பல பகுதிகளில் மழை இதைவிட மிக அதிகம். மேலும் 2011 முதல் சேர்ந்த பம்புகள், மூன்று பூங்காக்கள், தெருமுனைத் தோட்டங்கள் எல்லாம் கூடிச் செய்த வேலை இது. எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல ஒரு மழை போதாது. நம்பிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மணிக்கு ஒன்றரை அங்குலம்வரை, ஓதம் உயர்ந்திருந்தாலும், தேக்கம் நாள்கணக்கில் நிற்காமல் மணிக்கணக்கில் வடிகிறது. ஐடா அளவு மழைக்கு இந்தச் சான்று பொருந்தாது.

சென்னை, நாகை, காக்கிநாடா போன்ற ஊர்களில் இதைப் படிப்பவர்கள் எண்களை அப்படியே எடுத்துப்போக வேண்டாம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது, ஹோபோகனின் சோதனை மழையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். எடுத்துப்போகக் கூடியது கணக்கிட்ட முறை: வடிகாலின் அகலத்தைத் தீர்மானிக்கும் முன், அதன் வாயில் ஓதம் எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கும், அந்த நேரத்தில் பெய்வது எங்கே நிற்கும் என்று கேட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சாண்டி வந்து பத்தாண்டு கடந்த பிறகே கடல்தடுப்பின் பெரிய வேலைகள் தொடங்கின. நிதி, சுற்றுச்சூழல் ஆய்வு, தடம் பற்றிய சச்சரவு என்று காலம் போயிற்று. தடத்தைப் பற்றிய பேச்சை வரைபடம் வருமுன்பே, தண்ணீர் எந்த இரண்டு வாய்களில் வந்தது என்பதை மக்களுக்குக் காட்டித் தொடங்கியிருந்தால் குறைந்தது ஓராண்டாவது மிஞ்சியிருக்கும். கதவுகள் நிறைந்த தடுப்பு என்பதால், கட்டி முடிந்தபின் ஆண்டுதோறும் புயல்காலத்துக்கு முன் ஒவ்வொரு கதவையும் மூடிப் பார்க்கும் பயிற்சி தேவை. எந்தக் கதவை யார், ஓதம் ஏற எத்தனை மணி நேரத்துக்கு முன் மூடுவது என்று எழுதிவைத்த பட்டியலும் தேவை. ஒரு கதவு திறந்திருந்தால் மற்றவை மூடியிருந்தும் பயனில்லை.

வெளியேற்று முனையின் ஒருவழிக் கதவுகளும் இதே கவனம் கேட்பவை. மிதந்து வரும் ஒரு மரத்துண்டு இடையில் சிக்கினால் கதவு முழுதாக மூடாது. வெயில் நாளிலேயே ஆறு குழாய்க்குள் ஏறிக் கொள்ளளவைத் தின்றுவிடும். தாழ் ஓதத்தில் மாதம் ஒருமுறை பார்வையிடுவதற்கான ஆள்செலவை, கட்டுமானச் செலவோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

பேஸ்மென்ட் வீடுகள் திட்டத்தில் போதிய இடம் பெறவில்லை. தெரு காய்ந்திருக்கும்போதே அங்கே சாக்கடை ஏறக்கூடும். வீட்டுக் கழிவுக்குழாய் பொதுக்குழாயோடு சேரும் இடத்தில் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்தினால் அது நிற்கும். வால்வின் மூடியில் சிறு கூழாங்கல்லோ துணியோ சிக்கினாலும் அது வேலை செய்யாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேல்மாடிக்காரர் கழிப்பறையையும் துணி துவைக்கும் எந்திரத்தையும் பயன்படுத்தினால், அந்த நீரே வெளியே போக வழியின்றிக் கீழ்வீட்டில் ஏறும். அதனால் வால்வு மூடியிருப்பதைக் காட்டும் விளக்கோ மணியோ எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும். இதன் செலவு ஒரு தொட்டியோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் வீடு தனியாருடையது, வாடகைக்கு இருப்பவர் வேறு, குழாய் நகரத்துடையது என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. வால்வுக்கான மானியத்தையும், வாடகைக்கு விடுமுன் அது இருக்கிறதா என்ற சோதனையையும் பூங்காக்களோடு ஒரே காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.